தேயிலைப் பச்சையும் ஜகரண்டா ஊதாவும்: வண்ணப் புகைப்படம் பற்றிக் கேள்வி பதில்

நீலகிரியில் கல்லூரி ஓவிய வகுப்பில் படிக்கும் மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் டிஜிட்டல் வண்ணப் புகைப்படமும் ஒரு பாடம். மலையில் பல ஆண்டுகளாகப் படம் எடுத்தும் சொல்லிக்கொடுத்தும் வருபவன் என்பதால் கேள்விகளை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றையே பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். எந்தக் கேமரா நல்லது என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதை முதலில் முடித்துவிடுவோம்.

ஐயா, வகுப்புக்காகப் புதுக் கேமரா வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்கலாமா? கைபேசி போதாதா? (குன்னூர் மாணவி)

இந்தப் பருவம் முடியும்வரை கேட்காதீர்கள் அம்மா. உங்களுக்கு வேண்டியவை இரண்டே வசதிகள். ஒயிட் பேலன்ஸை, அதாவது ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை, நாமே வைக்க முடிய வேண்டும். படத்தை ரா கோப்பாக, அதாவது ஒளியைப் பதியும் சென்சார் பதிந்தபடியே, சேமிக்க முடிய வேண்டும். நடுத்தர விலைக் கைபேசிகள் பலவற்றில் 'புரோ' முறையில் இரண்டும் உண்டு. கல்லூரி அலமாரியில் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று 18-55 லென்ஸோடு தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

மலையில் புற ஊதாக் கதிர் அதிகம் என்று சொல்லி யூவி ஃபில்டரை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 1000 மீட்டர் மேலே ஏறினால் புற ஊதா ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே அதைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. லென்ஸில் கீறல் விழாமல் இருக்க மாட்டிக்கொள்ளலாம். நிறத்துக்கு அதனால் பயனில்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள். ஒன்றில் பச்சை மஞ்சளாக இருக்கிறது, அடுத்ததில் ஏதோ ரோஸ் பூசினாற்போல் செத்துக் கிடக்கிறது. வெயில் மாறவில்லை. என்ன காரணம்? (கோத்தகிரி மாணவர்)

வெயில் மாறவில்லை, கேமரா மனம் மாறியிருக்கிறது. நீங்கள் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டிருக்கிறீர்கள். ஒளியின் நிறம் என்ன என்று கேமராவுக்கு நேராகத் தெரியாது. படச் சட்டத்துக்குள் (ஃபிரேம்) விழும் எல்லா நிறங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய சாம்பல் வரும் என்ற ஊகத்தில்தான் அது வேலை செய்யத் தொடங்குகிறது. கடைத்தெருவில் அந்த ஊகம் பலிக்கும். தேயிலைத் தோட்டத்தில் சட்டம் முழுவதும் பச்சை. 'பச்சை கூடிவிட்டது, ஒளியில்தான் கோளாறு' என்று முடிவு கட்டி, பச்சைக்கு எதிரான மெஜந்தாவைக் கொஞ்சம் சேர்த்துவிடும். நீங்கள் பார்த்த ரோஸ் பூச்சு அதுதான். கேமராவைச் சற்று மேலே தூக்கி வானத்தையும் சேர்த்து எடுத்தால் கணக்கு மாறும், பச்சையும் மாறும்.

வெளியில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை 'டேலைட்' என்பதில் பூட்டிவிடுங்கள். அது ஏறத்தாழ 5500 கெல்வின். ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு அது, எண் கூடக் கூட ஒளி நீலமாகும். மேகம் மூடினால் ஒளி 6500 பக்கம் போகும், மர நிழலில் 7000, 8000 என்று ஏறும். படம் கொஞ்சம் நீலமாக வரும், வரட்டும். அப்போதுதான் மேகத்தின் ஒளி நீலமானது என்று உங்கள் கண் கற்றுக்கொள்ளும். ஆட்டோவில் விட்டால் அந்த வித்தியாசத்தைக் கேமரா அழித்துக்கொண்டே வரும், நீங்கள் ஒன்றும் கற்க மாட்டீர்கள். வகுப்பில் என்னிடம் யார் வந்தாலும் முதல் மாதம் இந்தப் பூட்டைத் திறக்க விடுவதில்லை.

ஓவிய வகுப்பில் மூல நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்கிறார்கள். இங்கே சிவப்பு, பச்சை, நீலம் என்கிறீர்கள். யார் சொல்வது சரி? (உதகை, இரண்டாம் ஆண்டு)

இருவருக்கும் சண்டை இல்லை. வண்ணப் பூச்சு ஒளியை விழுங்குகிறது. இரண்டைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து விழுங்கும், கலவை இருண்டுபோகும். ஒளியோடு ஒளி சேர்ந்தால் கூடும், வெளுக்கும். மேடையில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒரே இடத்தில் விழுந்தால் மஞ்சள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சகத்தார் பூச்சு வழியைத்தான் இன்னும் துல்லியமாகச் செய்கிறார்கள். அவர்களுடைய மூன்று மைகள் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா, மஞ்சள்.

1861இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டனில் ஒளி சேர்ந்து நிறம் தருவதைக் காட்டினார். கட்டம் போட்ட ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுக்கச் செய்தார். அவற்றை அதே நிற ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தியதும் ரிப்பன் நிறத்தோடு வந்தது. இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து ரசாயனத் தகட்டுக்குச் சிவப்பு ஒளி படியவே படியாது. பிறகு எப்படிப் பலித்தது? ரிப்பனின் சிவப்புப் பகுதி புற ஊதாவையும் பிரதிபலித்திருக்கிறது, அது வடிகட்டியைத் தாண்டி வந்து பதிந்துவிட்டது. கோடாக் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தது நூறு ஆண்டு கழித்து.

உங்கள் கேமராவும் அதையேதான் செய்கிறது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கும். பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் உண்மையில் தெரியும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளிடம் கேட்டு நிரப்பிக்கொள்கிறது.

செய்து பாருங்கள். கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி, சிவப்பு, பச்சை, நீல செல்லோஃபேன் தாளை லென்ஸின் முன்னால் மாற்றி மாற்றிப் பிடித்து மூன்று படங்கள் எடுங்கள். மூன்றையும் கறுப்பு வெள்ளையாக்கி, கணினியில் படத் திருத்தச் செயலியின் அந்தந்த வண்ணச் சேனலில் அடுக்குங்கள். மூடுபனி நகரும் நேரத்தில், தொட்டபெட்டா பக்கம் ஏதாவது சரிவைப் பார்த்து எடுத்தால் இன்னும் சுவை. அசையாத பாறையும் மரமும் சொந்த நிறத்தில் நிற்கும். மூன்று படங்களுக்கு நடுவே நகர்ந்துவிட்ட மேகம் மட்டும் ஓரிடத்தில் சிவப்பாகவும் ஓரிடத்தில் சயானாகவும் பிரிந்து தெரியும்.

ஜகரண்டா பூத்திருக்கிறது. கண்ணுக்கு ஊதா, கேமராவில் அப்பட்டமான நீலம். குறிஞ்சிக்கும் இதே கதை என்கிறார்கள். கேமரா பழுதா? (வெலிங்டன் மாணவி)

பழுது இல்லை. இந்தப் பாடத்தில் நான் அதிகம் விரும்பும் கேள்வி இது.

ஊதா என்பது கட்புலனின் விளிம்பில் இருக்கும் குறுகிய அலைநீளம், 400 முதல் 430 நானோமீட்டர் வரை. சிவப்பு அதற்கு நேரெதிர் முனையில் இருக்கிறது. இருந்தும் அந்தக் குறுகிய ஒளியைப் பார்க்கும்போது மனிதப் பார்வை நீலத்தோடு ஒரு துளிச் சிவப்பையும் உணர்கிறது. நம் கண்ணின் அமைப்பு அப்படி. கேமராவின் சிவப்பு வடிகட்டிக்கு அந்த நுட்பம் கிடையாது, இருந்தாலும் மிகக் குறைவு. அது சிவப்பைப் பதியாமல் விட்டுவிடுகிறது, நீலம் மட்டும் மிஞ்சுகிறது. 2018இல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள், ஒரே சரிவு ஒருவர் படத்தில் ஊதாவாகவும் இன்னொருவர் படத்தில் நீலமாகவும் இருக்கும். அடுத்து 2030.

திருத்துவதற்கு ஓவிய மாணவர்களுக்கு மட்டும் வாய்த்த வழி ஒன்று இருக்கிறது. வாட்டர்கலர் பெட்டியோடு மரத்தடிக்குப் போங்கள். உதிர்ந்த பூ ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, இதழின் நிறம் வரும்வரை பக்கத்திலேயே கலந்து ஒரு பட்டை தீட்டுங்கள். குழலின் வெளிப்புறத்தில் ஒரு நிறம், உள்ளே தொண்டையில் வெள்ளை, மடல் ஓரத்தில் இன்னும் வெளிறிய ஊதா. ஒரே பூவில் மூன்று பட்டையாவது தேவைப்படும். பூவைக் கொண்டுவந்து பயனில்லை, வீடு சேர்வதற்குள் வாடிப் பழுப்பேறிவிடும். பட்டை அப்படியே இருக்கும். பிறகு கணினியில் நீலத்தின் சாயலை மட்டும் ஊதாப் பக்கம் நகர்த்தி, பட்டையோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள். மொத்தப் படத்தையும் நகர்த்தினால் வானமும் ஊதாவாகிவிடும்.

மூடுபனியில் எடுக்கும் படமெல்லாம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. (கூடலூர்)

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெள்ளைப் பனியையும் அப்படியே செய்துவிட்டது. எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியின் அளவை, +1 கூட்டுங்கள், அடர்ந்த பனி என்றால் இன்னும் சற்று. படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு வலப்பக்கம் போக வேண்டும், ஆனால் வலது ஓரச் சுவரை முட்டக் கூடாது. செயலிகளில் பனியை அகற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறது. பனியைப் படம் எடுக்கப் போய்விட்டு அதை அழுத்துகிறவர்களை என்ன சொல்வது!

தோடர் எம்பிராய்டரி சால்வையை அறைக்குள் எடுத்தேன். சிவப்பு நூல் செங்கல் நிறத்தில் வருகிறது. வெள்ளைத் துணி ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. (உதகை மாணவி)

இரண்டு நோய்கள். ஜன்னல் ஒளி ஒரு நிறம், விளக்கு இன்னொரு நிறம். ஒயிட் பேலன்ஸால் ஒன்றைத்தான் திருத்த முடியும். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலை மட்டும் நம்புங்கள். நேர் வெயில் விழாத ஜன்னலாக இருந்தால் நெசவின் மேடு பள்ளமும் தெரியும்.

சிவப்பு மங்குவதற்குக் காரணம் மலிவான எல்இடி. அதன் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. வராத நிறத்தை நூல் எங்கிருந்து பிரதிபலிக்கும்? கணினியில் சிவப்பைக் கூட்டினால் பக்கத்துக் கறுப்பு நூலிலும் சிவப்புப் புள்ளிகளாக இரைச்சல்தான் ஏறும். ஜன்னலடியில் அந்தக் கவலையே இல்லை. அங்கே எதிர்ச் சிக்கல் வரலாம். சிவப்பு அளவுக்கு மீறி நிரம்பி, இழை தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் திரையைத் திறந்து, சிவப்பு மட்டும் முட்டுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய் எடுப்பதாக இருந்தால், தைத்தவரிடம் கேட்டுவிட்டுக் கேமராவை எடுங்கள். படத்தில் ஒன்றை அவருக்கு அச்சிட்டும் கொடுங்கள்.

ராவா, ஜேபெக்கா? (பலர்)

ரா. கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. பின்னால் நிறத்தைத் திருத்த இடம் வேண்டும் என்றால் படிகள் வேண்டும். பத்திரிகைக்கு உடனே அனுப்ப வேண்டிய படம் என்றால் ஜேபெக்.

என் தாத்தா இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஃபிலிமில் இருந்த நிறம் டிஜிட்டலில் இல்லை என்கிறார். உண்மையா? (உதகை)

தாத்தாவுக்கு என் வணக்கம். 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் பெயர் பெற்றது கறுப்பு வெள்ளை ஃபிலிமாலும் எக்ஸ்ரே ஃபிலிமாலும். 'இந்து' ஃபிலிம் போடாத ஸ்டூடியோ ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அரிது. ஆகவே அவர் சொல்லும் நிறம் வேறு நிறுவனங்களின் ரோலில் வந்ததாக இருக்கும்.

ஆனாலும் அவர் பேச்சில் விஷயம் இருக்கிறது. வண்ண ஃபிலிம் பகல் ஒளிக்கென்று ஒன்று, டங்ஸ்டன் விளக்குக்கென்று ஒன்று எனத் தனித்தனியாகத்தான் விற்றது. ரோலை மாட்டிவிட்டால் 36 படங்களுக்கும் அதே கணக்கு. விடியல் நீலமாகவே வந்தது, மாலை பொன்னாகவே வந்தது. கோத்தகிரி மாணவருக்கு நான் சொன்ன பூட்டு வேறென்ன?

அச்சுப் போட்டு வாங்கினால் இருண்டுபோய் வருகிறது. திரையில் நன்றாகத்தானே இருந்தது? (குன்னூர்)

திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துத் திருத்தியிருப்பீர்கள். காகிதம் தானாக ஒளிராது. திரையின் வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் என்று தோன்றும்போது திருத்தத் தொடங்குங்கள். கோப்பை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (கோப்பின் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்ற வரையறை) கொடுங்கள். அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் கொடுத்து, கடைக்காரர் கவனிக்காமல் போட்டால் பச்சையெல்லாம் வெளிறிவிடும். 8×12 அங்குல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2400×3600, அதாவது 86.4 லட்சம் புள்ளிகள் போதும். இன்றைய பெரும்பாலான கைபேசிகளில் இது கிடைக்கும்.

உறைபனிக் காலத்தில் தலைகுந்தாவில் எடுக்க ஆசை. என்ன கவனிக்க வேண்டும்? (கேத்தி)

சூரியன் எழுந்த முதல் அரை மணி. வெயில் பட்ட புல் பொன்னிறம், நிழலில் இருக்கும் புல் நல்ல நீலம். அந்த நிழலுக்கு ஒளி தருவது வானம் மட்டுமே, 10,000 கெல்வினைத் தாண்டும். அந்த நீலத்தைத் திருத்தி வெள்ளையாக்கிவிடாதீர்கள், அதற்காகத்தானே விடியலில் எழுந்து போனீர்கள்? குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், இன்னொன்றைச் சட்டையின் உட்பையில் வையுங்கள். திரும்பி வந்து சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். நீர் உறையின்மேல் படியட்டும், லென்ஸில் வேண்டாம். அன்றே மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கும் இதுதான். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

பருவத் தேர்வுக்குப் பத்துப் படம் கேட்கிறார்கள். பொட்டானிக்கல் கார்டன், மலை ரயில், ஏரி, எதை எடுக்கலாம்? (பலர்)

மூன்றையும் விடுங்கள். தேர்வாளர் ஏற்கெனவே நூறு பார்த்திருப்பார். உங்கள் தெருவில் நிறமுள்ள, நகராத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிவப்புத் தகரக் கூரை, நீலக் கதவு, மார்க்கெட்டில் கேரட் மூட்டை இறக்கும் திண்ணை, ஏதோ ஒன்று. விடியல், உச்சி வெயில், மூடுபனி, மழை விட்ட நேரம், சோடியம் விளக்கு, கடையின் எல்இடி என்று ஒளி மாறும்போதெல்லாம் அதே இடத்தில் நின்று எடுங்கள். ஒயிட் பேலன்ஸ் 5500இல் பூட்டியே இருக்கட்டும். பத்தையும் ஒரே அட்டையில் அருகருகே ஒட்டுங்கள். அட்டை நடுத்தரச் சாம்பலாக இருக்க வேண்டும். சிவப்பு அட்டையில் ஒட்டினால் எல்லாப் படத்திலும் பச்சை ஏறித் தெரியும். பக்கத்து நிறம் செய்யும் இந்த வேலையைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இலேயே விளக்கிவிட்டார்.

நிறச் செறிவைக் கூட்டலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பத்தில் ஒன்றில் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். ஏன் கூட்டினீர்கள் என்று அந்தப் படத்தின் பின்புறம் ஒரு வரி எழுதிவிடுங்கள், தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.