கூரைக்கு மருந்தடித்தவர்கள் காசோடு மறைந்துவிட்டால்

கேள்வி: அம்மா கிளிநொச்சி மாவட்டத்தில் வீட்டுத்திட்ட வீடொன்றில் தனிய இருக்கிறா. ஐப்பசியில் வானில் வந்த மூன்று பேர், "ஓட்டுக்கு மருந்தடிச்சால் பத்து வருசத்துக்கு ஒழுகாது அம்மா, நாங்கள் பெரிய கொம்பனி" என்று சொல்லி 85,000 ரூபா கையிலும் 60,000 ரூபா வங்கிக் கணக்கிலும் வாங்கினார்கள். வெள்ளையாக எதையோ அடித்துவிட்டு அன்றே போய்விட்டார்கள். இப்போது முந்தி ஒழுகாத இடமும் ஒழுகுது. உத்தரவாத அட்டையில் உள்ள போன் வேலை செய்யவில்லை. பொலிசில், "இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா முறைப்பாட்டில் என்ன சொன்னா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. "வேலையைச் சரியாகச் செய்யவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது ஒப்பந்த மீறல். அதற்குப் பரிகாரம் சிவில் நீதிமன்றத்தில்தான். ஆனால் காசு வாங்கும் நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால் அது குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 398 ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. அப்படி ஏமாற்றிப் பொருளைக் கைமாறச் செய்தால் 403 ஆம் பிரிவின்படி 7 வருடம் வரை சிறையும் தண்டமும் விதிக்கலாம்.

ஆகவே முறைப்பாட்டை அந்த எண்ணத்தைக் காட்டும் விதமாக, பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றையும், அவற்றில் எது பொய் என்பதையும் எழுத வேண்டும். "பெரிய கொம்பனி" என்றார்களே, அட்டையில் உள்ள பெயரைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். தனியாள் வியாபாரமென்றால் அட்டையிலுள்ள விலாசத்துக்குரிய பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவைக் கேளுங்கள். அப்படியொரு பெயரே இல்லையென்றால் அதுவே உங்கள் வழக்கின் முதுகெலும்பு. போன் எந்த நாளிலிருந்து வேலை செய்யவில்லை, அதே வான் அக்கம்பக்கத்தில் வேறு யாரிடம் காசு வாங்கியது என்பதையும் சேருங்கள். ஒரே ஊரில் நான்கு வீட்டார் ஒன்றாகப் போனால் "கொடுக்கல் வாங்கல்" என்று சொல்லி அனுப்புவது இலேசல்ல.

வாக்குமூலம் தமிழில் பதியப்பட வேண்டும் என்று அம்மா கேட்கலாம். அரசியலமைப்பின்படி வடக்கில் நிர்வாக மொழி தமிழ். வாசித்து விளங்காத தாளில் அவ கையெழுத்து வைக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலத்தின் ஒவ்வொரு வரியையும் வைத்துத்தான் குறுக்கு விசாரணை செய்வார்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் நிலையத்தை விட்டு வெளிக்கிட வேண்டாம். திரும்பவும் ஏற்க மறுத்தால் அதே கடிதத்தைச் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆட்களின் பெயர் விலாசம் தெரிந்த பின், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவின்கீழ் சட்டத்தரணி மூலம் நீதவானிடம் தனிப்பட்ட பிராதும் தாக்கல் செய்யலாம்.

அந்த 60,000 ரூபா கணக்கில் போனது நல்லதாகப் போயிற்று. கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி தேட வேண்டும். கணக்குக்கு ஒரு உரிமையாளர் இருக்கிறார். வைப்புச் சிட்டையின் மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுங்கள். உரிமையாளரின் விபரத்தை வங்கி உங்களுக்குச் சொல்லாது; பொலிசார் நீதிமன்றக் கட்டளை பெற்று எடுக்கலாம். முறைப்பாட்டில் அந்தக் கோரிக்கையை வெளிப்படையாக எழுதுங்கள். வான் இலக்கம் யாருக்காவது நினைவிருந்தால் அதையும்.

கூரையைத் திருத்த முன் படமெடுங்கள். ஓட்டு வீட்டில் ஒழுக்கு பெரும்பாலும் முகட்டு ஓட்டின் சாந்து வெடித்த இடத்திலும், உடைந்த ஓட்டிலும், சுவரும் கூரையும் சேரும் இடத்திலும்தான் வரும். மேலே பூச்சு அடித்தால் இவை அடைபடாது. ஏறி மிதித்ததில் புதிதாக ஓடுகள் உடைந்தும் இருக்கலாம். அனுபவமுள்ள மேசனிடம் என்ன பிழை, திருத்த எவ்வளவு முடியும் என்று திகதியிட்டு எழுதி வாங்குங்கள். மீதி மருந்து, வெறும் வாளி கிடந்தால் எறிய வேண்டாம். மாரி காத்திராது என்பது தெரியும். படமெடுத்தவுடன் தரப்பாளைப் போட்டு மூடி, பிறகு திருத்துங்கள். திருத்தச் செலவின் பற்றுச்சீட்டுகளை நட்டஈட்டுக் கணக்கில் சேர்க்கலாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வேலை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ஐப்பசி என்றால் தை பிறக்க முன்னரே அனுப்பிவிடுங்கள். தொலைபேசி 1977. ஆனால் ஆளும் விலாசமும் தெரியாத இடத்தில் அந்த வழியால் அதிகம் எதிர்பார்க்க முடியாது. சிவில் வழக்குக்கு, எழுத்து ஒப்பந்தமென்றால் 6 வருடம், வாய்ப்பேச்சென்றால் 3 வருடம் உண்டு. உத்தரவாத அட்டை எழுத்து ஒப்பந்தமாகுமா என்பது அதிலுள்ள வாசகத்தைப் பொறுத்தது. 3 வருடம் என்றே எடுத்து நடந்துகொள்ளுங்கள்.

பிணக்கு மத்தியஸ்த சபைக்கு அனுப்பப்பட்டால் போங்கள். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இணங்காவிட்டால் இணங்காமைச் சான்றிதழை வாங்குங்கள். பின்னர் சிவில் வழக்குப் போடும்போது அதைக் கேட்பார்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் அம்மாவின் வருமானம் பற்றிக் கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.

ஆட்கள் பிடிபட்டால், பொலிஸ் நிலையத்திலேயே இருபதாயிரத்தைத் தந்து "பிரச்சினை முடிந்தது" என்று கையெழுத்துக் கேட்பார்கள். "மொத்தம் 145,000 ரூபாவில் பகுதிக் கொடுப்பனவு" என்று, மீதித் தொகையும் அதைத் தரும் திகதியும் போட்டுப் பதிந்தால் மட்டும் அந்தக் காசை அம்மா வாங்கட்டும்.