பலூன் ஊதினால் உதடு வீங்குமா?

கேள்வி: சாவகச்சேரியில் ஒரு பல் டொக்டரிடம் இரண்டு வருசமாக உதவியாளராக வேலை செய்கிறேன். கையுறை போட்டால் கை கடிக்கிறது, தோல் வெடிக்கிறது. சவர்க்காரம் கூடிப்போச்சு என்கிறார் அம்மா. போன மாதம் அக்காவின் மகனுடைய பிறந்தநாளுக்குப் பலூன் ஊதினேன், பத்து நிமிசத்தில் உதடு தடித்து மூக்காலும் ஓடத் தொடங்கியது. இப்போது வாழைப்பழம் சாப்பிட்டாலும் தொண்டை கடிக்கிறது. வேலையை விடத்தான் வேண்டுமா? இறப்பர் செருப்பும் போடக்கூடாதா?

பதில்: தங்கச்சி, கையைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்குப் பயம் தந்தது அந்தப் பலூன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவேண்டாம். கை வெடிப்புக்கு அம்மா சொல்வதும் காரணமாகலாம். இல்லாவிட்டால் கையுறை செய்யும்போது சேர்க்கிற இரசாயனங்களாக இருக்கும், அதனால் வருகிற சொறி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், பெரிய கரைச்சல்தான், உயிருக்கு ஆபத்தில்லை. பலூன் ஊதின கையோடு உதடு வீங்குவது வேறு. களுத்துறை, கேகாலைப் பக்கம் மரத்தில் வெட்டி எடுக்கிறார்களே இறப்பர் பால், அதற்குத்தான் லேற்றெக்ஸ் என்று பெயர், இந்தக் கையுறையும் பலூனும் அதில்தான் செய்வது. அதிலுள்ள புரதம்தான் லேற்றெக்ஸ் ஒவ்வாமைக்குக் காரணம். அடுத்த தடவையும் உதட்டோடு நிற்கும் என்று ஒருவராலும் சொல்லமுடியாது.

வாழைப்பழமும் சும்மா வரவில்லை. வாழை, அவக்காடோ, கிவி, சிலருக்குப் பப்பாப்பழம், இவற்றிலுள்ள சில புரதங்கள் இறப்பர் புரதத்தைப் போலவே இருப்பதால் உடம்பு ஏமாந்துபோகிறது. கடிக்கிற பழத்தை விடுங்கள், ஒத்துக்கொள்கிற பழத்தைப் பயத்தில் விடவேண்டாம்.

வேலையை விடத் தேவையில்லை. ஆனால் நீங்கள் மட்டும் இறப்பர் பால் சேராத நைட்ரைல் கையுறைக்கு மாறினால் போதாது. பவுடர் போட்ட கையுறையை யாராவது சடக்கென்று இழுத்துக் கழற்றும்போது வெயில் விழுகிற யன்னல் பக்கம் பாருங்கள், வெள்ளைப் புகை மாதிரி எழும்பும். சோளமாத் தூள்தான், ஆனால் புரதத்தையும் ஏற்றிக்கொண்டு நேரே மூக்குக்குள் போகும். பவுடர் போட்ட மருத்துவக் கையுறையை அமெரிக்கா 2017 இல் தடையே செய்துவிட்டது. ஆகவே டொக்டரையும் மாறச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நைட்ரைல் போட்டும் கை கடித்தால் அது அந்த இரசாயன வேலை, தோல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

செருப்பு, டயர் போன்ற கெட்டி இறப்பரால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது, போட்டுக்கொண்டு திரியுங்கள். கையுறை, பலூன் போல மெல்லியதாய் இழுபடுகிற சாமான்தான் கூடாது. ஆணுறையும் அநேகமாக லேற்றெக்ஸ்தான், இதை வெட்கத்தில் யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

இரத்தப் பரிசோதனையில் இதைப் பார்க்கலாம், ஒவ்வாமை பார்க்கிற வைத்தியரிடம் போங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள். ஒப்பரேசனோ பிள்ளைப்பேறோ, கையுறை போட்ட கை உங்களிடம் வருமுன் வாயாலும் சொல்லுங்கள். என்றைக்காவது மூச்சு இழுத்தால், தலை சுற்றினால், ஒவ்வாமைக்குப் போடுகிற பிரிட்டன் (Piriton) குளிசையைப் போட்டுவிட்டுப் படுக்கவேண்டாம், உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். அந்த நேரத்துக்கு வேண்டியது அட்ரினலின் ஊசி.

அப்புறம், மருமகனின் அடுத்த பிறந்தநாளுக்குக் கடதாசிப் பூச் சோடனை போதும் என்று அக்காவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், மற்றவர்கள் ஊதின பலூன் பக்கத்தில் வெடித்தாலும் உங்களுக்குக் கூடாது.