ஷேக்கர் மேசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டென்மார்க்கின் போர்கே மோகன்சன் வடிவமைத்த ஷேக்கர் மேசையைப் படத்தில் பார்த்தேன். ஒரு பலகை, இரு பக்கமும் தாங்குகால், அவ்வளவுதான். இதில் வடிவமைப்பாளருக்கு என்ன வேலை? எங்கள் தச்சர் தேக்கில், 90 செ.மீ. அகலத்தில் செய்து தருகிறேன் என்கிறார். பலகையைப் பசை போட்டு ஒட்டித் திருகிவிட்டால் ஆடாது என்பது அவர் யோசனை. அங்கே மேசைக்குச் சோப்பு பூசுவார்களாமே, நாமும் செய்யலாமா?

கே.

அன்புள்ள கே.,

பசை வேண்டாம். இதை முதலில் தச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

மரம் நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம். அகலவாக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், தட்டையாக அறுத்த 90 செ.மீ. ஓக் பலகையில் சுமார் 13 மி.மீ. வித்தியாசம் வரும். தேக்கு சாது மரம், அதில் பாதிதான். ஆனால் தாங்குகாலின் உச்சியில், பலகைக்கு அடியில் குறுக்கே ஒட்டிய சட்டம் அந்த 6, 7 மி.மீட்டருக்கும் இடம் தராது. பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் பிடித்துக்கொள்ளும், கடைசியில் பலகைதான் பிளக்கும். ஏ.சி. ஓடும் அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு திருகை இறுக்கமாகப் போடட்டும். ஓரத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீட்டி எடுக்க வேண்டும்: 5 மி.மீ. திருகுக்கு 12 மி.மீ. நீளத் துளை, திருகு அதன் நடுவில், தலைக்கடியில் வாஷர். பலகை வழுக்கிக்கொள்ளும் அளவுக்கு முறுக்கினால் போதும். மேசை ஆடாமல் நிற்பது தாங்குகால்களின் மூட்டுகளாலும் இடையில் ஓடும் நீளச் சட்டத்தாலும். பசையை அங்கே போடச் சொல்லுங்கள்.

வடிவமைப்பாளரின் வேலை இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது. மோகன்சன் (1914–1972) முதலில் தச்சுத் தொழில் கற்றவர். பிறகு டேனிஷ் அறைகலன் வடிவமைப்பாளர் கோரே கிளிண்டிடம் படித்தார். மனித உடலையும் புழங்கும் பொருளையும் அளந்த பிறகே வரைய வேண்டும் என்பது கிளிண்டின் பள்ளி. 1942 முதல் 1950 வரை மோகன்சன், டென்மார்க்கின் எஃப்.டி.பி. என்ற நுகர்வோர் கூட்டுறவின் அறைகலன் பிரிவை நடத்தினார். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய நல்ல மரச்சாமான் என்பதே அங்கே இலக்கு. அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் கூடியுண்ண நீண்ட, அலங்காரமற்ற மேசைகள் செய்தார்கள். அவர் எடுத்துக்கொண்டது அந்த மரபை. 1947-இல் வந்த அவருடைய ஜே39 நாற்காலிக்கும் அதுவே வேர்.

மூலையில் கால் இல்லாததால் பெஞ்சில் வழுக்கி உட்காரலாம், முழங்கால் இடிக்காது. ஆனால் தாங்குகாலை எங்கே நிறுத்துவது என்பது லேசான தீர்மானமில்லை. ஓரத்துக்கு மிக அருகே வந்தால் மேசையின் குறுகிய பக்கத்தில் உட்காருபவருக்குக் கால் நீட்ட இடமில்லை. மிக உள்ளே போனால் ஓரத்தில் கையூன்றி எழும்போது மறுபக்கம் தூக்கும். உயரம் 72–74 செ.மீ., ஆளுக்கு 60 செ.மீ. நீளம் என்று கணக்கு வையுங்கள்.

சோப்பு ஓக், பீச் போன்ற வெளிர் மரங்களுக்கு. ஒரு லிட்டர் வெந்நீரில் 2 டெசிலிட்டர் சோப்புச் சீவலைக் கரைத்து, வெதுவெதுப்பானதும் மர ஓட்டத்தோடு பூசி, மிச்சத்தைத் துடைத்துக் காயவிடுவார்கள். தேக்குக்கு எண்ணெய்தான் பொருத்தம். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் ஒட்டாமல் துடைத்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் என்றால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.