பிளக்கைப் பிடுங்கினால் லேப்டாப் அணைகிறதா? பேட்டரி வாங்கும் முன் கேளுங்கள்

நீங்கள் அனுப்பிய கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தொல்லையைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன: லேப்டாப் பேட்டரியில் ஓடவில்லை, அல்லது பேட்டரி சரியாக ஏறவில்லை. எல்லோருக்கும் முதலில் ஒரு வேண்டுகோள்: பழுது எங்கே என்று தெரியாமல் பேட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள். சரி, பார்க்கலாம்.

கேள்வி (செந்தூல்): அண்ணே, மூன்று வருட லேப்டாப். சார்ஜர் இருந்தால் ஒரு குறையும் இல்லை, கழற்றினால் அந்த நொடியே அணைந்துவிடுகிறது. ஆனால் பேட்டரி 100 சதவீதம் என்று காட்டுகிறதே?

பதில்: தம்பி, அந்த 100 பேட்டரிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் கணக்குப் போட்டுச் சொல்வது, அதை அப்படியே நம்ப முடியாது. உள்ளே மூன்று நான்கு லித்தியம் செல்களை வரிசையாகக் கோர்த்திருப்பார்கள், அதில் ஒன்று பலவீனமாகிவிட்டாலும் சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாகவே தெரியும், லேப்டாப் கரண்ட்டை இழுத்ததும் அந்தச் செல் சரிந்துவிடும், உடனே பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும்.

விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டை, அதாவது கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகும், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 45,000 என்றும் இரண்டாவது 12,000 என்றும் இருந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள். இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தும் அணைகிறது என்றால் அவசரப்பட வேண்டாம், லேப்டாப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது வினாடி அழுத்திப் பிடியுங்கள். சில ஏசர், லெனோவோ மாடல்களில் அடிப்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் மெல்ல அழுத்தலாம்.

கேள்வி (பட்டர்வொர்த்): தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். என் லேப்டாப் 80 சதவீதத்தில் சார்ஜ் ஆவதை நிறுத்திவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: இல்லை டீச்சர். பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே வைத்த வரம்பு அது. கம்பெனியின் சொந்த ஆப்பில் கன்சர்வேஷன் மோட் அல்லது பேட்டரி ஹெல்த் என்ற பெயரில் இருக்கும். எப்போதும் பிளக்கிலேயே வைத்திருப்பவர் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி (கிள்ளான்): ஆன்லைனில் பேட்டரி வாங்கி நானே மாற்றினேன். அதே கதைதான். டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய் என்கிறார்கள், செய்யலாமா?

பதில்: செய்யலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை. லேப்டாப்பை பயோஸ் திரையில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையில் கொண்டுபோய் நிறுத்துங்கள், அங்கே வைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, டிரைவரை நூறு முறை அழித்தாலும் பயன் கிடையாது.

அடுத்து, பயோஸில் பேட்டரி தெரிகிறதா பாருங்கள். தெரியவே இல்லை என்றால் கனெக்டர் முழுதாக உட்காரவில்லை, அல்லது வேறு மாடல் பேட்டரியை அனுப்பிவிட்டார்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து பார்ட் நம்பரையும் வோல்ட்டையும் ஒப்பிடுங்கள், 11.4 வோல்ட் இருந்த இடத்தில் 15.2 வரக்கூடாது. புதிய பேட்டரிகள் சில, தூங்கும் நிலையில்தான் தொழிற்சாலையிலிருந்து வரும், மாற்றியதும் ஒருமுறை சார்ஜர் செருகினால்தான் விழிக்கும்.

பேட்டரி தெரிகிறது, நன்றாக ஏறுகிறது, ஆனாலும் அதில் ஓடவில்லை என்றால் எனக்கு மதர்போர்டு மீதுதான் சந்தேகம். சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு மாற்றிவிடும் மாஸ்ஃபெட் என்ற சின்ன மின் சுவிட்சோ, சார்ஜ் ஏறுவதைக் கவனிக்கும் சார்ஜிங் ஐசி என்ற சில்லோ போயிருக்கலாம். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனால் போர்டிலேயே வேலை பார்க்கும் கடையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மீட்டரை வைத்துப் பார்க்காமலேயே மதர்போர்டு முழுவதையும் மாற்றணும் என்று சொன்னால் அடுத்த கடையில் விசாரியுங்கள். உங்கள் ரிங்கிட் அது, கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): இடி மின்னலுக்குப் பிறகு சார்ஜரில் ஓடுகிறது, பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறது. டெல் லேப்டாப்.

பதில்: ஆன் செய்யும்போது சார்ஜர் வகையை அறிய முடியவில்லை என்று ஒரு செய்தி வருகிறதா? டெல் சார்ஜரின் உருண்டை முனைக்கு நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும், இது இத்தனை வாட் என்று சார்ஜர் அதன் வழியாகத்தான் சொல்லும். அந்தத் தொடர்பு அறுந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரியை மட்டும் ஏற்றாது. வேறு அசல் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் ஏறவில்லை என்றால் லேப்டாப்பின் சார்ஜிங் ஜாக்கையோ போர்டையோதான் பார்க்க வேண்டும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): மகனின் லேப்டாப்பில் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, கிளிக் ஆகவில்லை. சார்ஜரைக் கழற்றினால் அணைந்தும் விடுகிறது. எஸ்பிஎம் பரீட்சை முடியும்வரை ஓட்டலாமா?

பதில்: வேண்டாம் அக்கா, இன்றைக்கே நிறுத்துங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது, உள்ளே வாயு சேர்ந்து டச்பேடை அதுதான் தள்ளுகிறது. தயவுசெய்து சார்ஜ் போடாதீர்கள், அதை அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தீப்பற்றிக்கொள்ளும். லேப்டாப்பை அணைத்து, மெத்தை, துணி, வெயில் எதுவும் படாத இடத்தில் தரையில் வைத்துவிட்டுக் கடையைக் கூப்பிடுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் கடையிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள். உப்பிய பேட்டரியைக் கழற்றிய பிறகு, பேட்டரி இல்லாமலும் பல லேப்டாப்கள் சார்ஜரில் நேராக ஓடும், கொஞ்சம் மெதுவாக இருக்கலாம். புதியது வரும்வரை தம்பி அதில் படிக்கட்டும், அடிக்கடி சேவ் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் கரண்ட் போனால் எழுதியது அத்தனையும் போய்விடும்.

கேள்வி (ஈப்போ): பேட்டரியை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வருமாமே?

பதில்: வராது. வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொண்டு இருப்பதும் கெட்டுவிடும்.