மூட்டில் சீழ் பிடித்துத் தேறிய குதிரைக்குட்டி பந்தயத்தில் ஓடுமா?

கேள்வி: எங்கள் பண்ணையில் பிறந்த, பந்தயக் குதிரை இனமான தரோபிரெட் ஆண் குட்டி, ஒன்பதாம் நாள் இடது பின்னங்காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றது. தாய் மிதித்திருக்கும் என்று எண்ணி இரண்டு நாள் எண்ணெய் தடவிப் பார்த்தோம். மூன்றாம் நாள், பின்னங்காலின் நடுவிலுள்ள ஹாக் மூட்டு வீங்கிக் காய்ச்சலும் கண்டது. கால்நடை மருத்துவர் மூட்டு நீரைச் சோதித்துச் சீழ் பிடித்திருப்பதை உறுதி செய்து, மூட்டை இருமுறை கழுவி, மூன்று வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அன்று எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பில் குறை எதுவும் தெரியவில்லை. இப்போது குட்டிக்கு இரண்டு மாதம். நொண்டவில்லை, மூட்டில் சிறிது தடிப்பு மட்டும் இருக்கிறது. இது பந்தயத்தில் ஓடுமா? எப்போது பழக்கலாம்? அடுத்த ஈற்றில் இப்படி நேராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: குட்டி நொண்டாமல் நடப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பந்தயத்திற்குத் தேறுமா என்ற கேள்விக்கு அது மட்டும் விடையாகாது; நோய் கண்ட நாளில் எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததும் விடையாகாது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் கணிசமான பங்கு கரைந்த பிறகுதான் அரிப்பு எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால், கிருமி எலும்பில் குடியேறியதிலிருந்து படத்தில் அது தென்படுவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ, சில குட்டிகளில் அதற்கு மேலுமோ ஆகிவிடும். எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, இரண்டு ஹாக் மூட்டுகளையும் பல கோணங்களில் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்து, பழைய படத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்வதாகும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எலும்பைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிருமி பெரும்பாலும் தொப்புள், குடல், நுரையீரல் ஆகியவற்றின் வழியாக இரத்தத்தில் கலந்துதான் மூட்டுக்கு வருகிறது. மூட்டின் உட்சவ்விலும், வளரும் எலும்பின் நுனியிலும், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டை ஒட்டிய பகுதியிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வளைந்து செல்வதால் அங்கே இரத்த ஓட்டம் தளர்கிறது. கிருமி அங்கே தங்கிவிடுகிறது. அது உட்சவ்வோடு நின்றிருந்து விரைவில் கழுவி அகற்றப்பட்டிருந்தால், குருத்தெலும்பு பெரும்பாலும் தப்பிவிடும். எலும்புக்குள் இறங்கியிருந்தால், மேலே மூடியுள்ள குருத்தெலும்பு தாங்கு தளத்தை இழந்து சரியக்கூடும். ஹாக் மூட்டின் கீழ்வரிசையிலுள்ள சிறு கனசதுர எலும்புகளில், குறிப்பாக மாதம் நிறையாமல் பிறந்த குட்டிகளில், இந்தச் சேதம் எலும்பையே நசுங்கச் செய்துவிடும். அப்படிப்பட்ட குட்டி புல்வெளியில் நன்றாக நடக்கும். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் அந்த மூட்டில் விழும் சுமையைத் தாங்காது.

பந்தய வாய்ப்பைத் தீர்மானிப்பவை என்று என் அனுபவத்தில் நான் முதலில் பார்ப்பது நான்கு: எத்தனை மூட்டுகளில் நோய் கண்டது, எலும்பு பாதிக்கப்பட்டதா, நொண்டத் தொடங்கியதற்கும் மூட்டைக் கழுவியதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்தது, குட்டிக்கு உடல் முழுவதும் பரவிய இரத்த நஞ்சேற்றம் இருந்ததா என்பவை. உங்கள் குட்டிக்கு ஒரே மூட்டு. அது பெரிய ஆறுதல். இரண்டு நாள் தாமதம் பாதகமானது. சீழ் பிடித்த மூட்டில் குவியும் வெள்ளணுக்கள் வெளிவிடும் நொதிகள் கிருமியை மட்டுமின்றிக் குருத்தெலும்பையும் அரிப்பதால், அங்கே மணிக்கணக்கும் முக்கியம். பொதுவாக, சிகிச்சைக்குப் பின் பிழைத்த தரோபிரெட் குட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை பந்தயத் திடலை எட்டுகின்றன. எட்டியவை தங்கள் உடன்பிறப்புகளுக்கு அதிகம் பின்தங்குவதில்லை. முதல் ஓட்டம் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. புதிய எக்ஸ்ரேயில் எலும்பு சீராக இருந்தால், நம்பிக்கையோடு வளர்க்கத் தக்க குட்டியென்றே இதைக் கருதுவேன். மூட்டுப் பரப்பில் குழிவோ சரிவோ தெரிந்தால், பந்தயத்திற்காக மேலும் பணம் செலவிட வேண்டாமென்று இப்போதே சொல்லிவிடுவேன்.

மீதமிருக்கும் தடிப்பை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். குட்டியைச் சமதரையில் நான்கு கால்களும் ஊன்றி நிற்கச் செய்து, ஹாக் மூட்டின் முன்புற உள்பக்கத்தில் ஒரு விரலையும், பின்புற வெளிப்பக்கத்துக் குழிவில் மறு கையின் விரலையும் வைத்து மெல்ல அழுத்துங்கள். ஒருபுறம் அழுத்தும்போது மறுபுறம் புடைத்துக்கொண்டு வந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று பொருள்; அத்துடன் மூட்டு சுட்டாலும், குட்டியின் உடல் வெப்பம் 38.9 டிகிரி செல்சியசைத் தாண்டினாலும், நோய் திரும்புகிறது என்றே கொண்டு அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். நீர் நகராமல், சூடில்லாமல், தோலுக்கடியில் கெட்டியாக மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மூட்டுறை தடித்த தழும்பு. காலப்போக்கில் அது ஓரளவு வற்றும். முழுவதும் மறையாவிட்டாலும் ஓட்டத்திற்குத் தடையாகாமல் போகலாம். மருத்துவர் எக்ஸ்ரேக்கு வரும்போதே இரத்தம் எடுத்து வெள்ளணு எண்ணிக்கையையும், ஃபைப்ரினோஜென் என்னும் இரத்தப் புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பில் கிருமி ஒளிந்திருந்தால் வெளியே அமைதியாகத் தோன்றும் குட்டியிலும் ஃபைப்ரினோஜென் உயர்ந்து நிற்பதுண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதற்குக் காலம் குறுகிக்கொண்டிருக்கிறது. இடது கால் வலித்த நாட்களில் வலது பின்னங்கால்தான் முழுச் சுமையையும் தாங்கியிருக்கிறது. இளங்குட்டியில் அந்தச் சுமை, குளம்புக்குச் சற்று மேலேயுள்ள ஃபெட்லாக் மூட்டை வெளிப்புறமாக வளைத்துவிடலாம். குட்டிக்குப் பின்னால் நின்று, வலது கால் நேர்கோட்டில் இறங்குகிறதா, ஃபெட்லாக்குக்குக் கீழே குளம்பு உள்நோக்கித் திரும்புகிறதா என்று பாருங்கள். அங்குள்ள வளர்ச்சித் தட்டு தன் வேலையில் பெரும்பகுதியை ஏறத்தாழ மூன்று மாத வயதுக்குள் முடித்துவிடும். அதன் பிறகு வளைவை நேராக்குவது மிகக் கடினம். ஹாக் தேறிய குட்டியை எதிர்க்கால் வளைவு பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவது மிகவும் வருந்தத்தக்கது, கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியதும்கூட.

பழக்குவதைப் பொறுத்தவரை, பந்தயக் குதிரைகளின் வயதைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், வடகோளத்தில் ஜனவரி 1, ஆஸ்திரேலியா போன்ற தென்கோள நாடுகளில் ஆகஸ்ட் 1 என்று பொதுநாள் வைத்துக் கணக்கிடுவதால், இரண்டு வயதுப் பந்தயங்களுக்கு அவசரப்படுத்தும் வழக்கம் இருக்கிறது. உங்கள் குட்டிக்கு அந்த அவசரம் வேண்டாம். அடுத்த சில வாரங்களுக்குத் தாயோடு சிறிய வெளியில் மட்டும் விடுங்கள். எக்ஸ்ரே நல்லபடியாக அமைந்தால் படிப்படியாகப் பெரிய வெளிக்கு மாற்றலாம். ஒரு வயதுக்குப் பின்னும், சேணம் ஏற்றுவதற்கு முன்னும் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, மூன்று வயதில் முதல் ஓட்டம் என்று திட்டமிடுவதே சரி. பயிற்சியில் அந்த மூட்டு வீங்கினால், ஸ்டீராய்டு ஊசி போட்டு வலியை மறைத்து ஓட விடும் யோசனைக்கு இணங்காதீர்கள். விற்பதாயிருந்தால் எல்லாப் படங்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல படங்கள் இருக்குமானால் அவை குட்டியின் மதிப்பைக் காக்கவே செய்யும்.

அடுத்த ஈற்றுக்கு வருவோம். குதிரையின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பால் ஒன்றே வழி. குடல் அவற்றை ஈர்க்கும் திறன் முதல் சில மணி நேரங்களில் உச்சத்தில் இருந்து, 24 மணி நேரத்திற்குள் ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடுகிறது. குட்டி ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து, இரண்டு மணி நேரத்திற்குள் பால் குடிக்க வேண்டும். ஈனுவதற்கு முன்பே தாயின் மடியிலிருந்து பால் ஒழுகியிருந்தால் சீம்பால் வீணாகியிருக்கும் என்று கொண்டு, சேமித்து வைத்த சீம்பாலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். குட்டி வாய் வைக்குமுன் மடியைக் கழுவித் துடையுங்கள், தொப்புளை 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினிக் கரைசலில் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் தினமும் சில முறை நனையுங்கள். கடுமையான அயோடின் திசுவைச் சுட்டுவிடுவதால் வேண்டாம்.

தினமும் காலையில் தாயின் மடியைப் பாருங்கள். மடி இறுகிப் பால் சொட்டிக்கொண்டிருக்க, குட்டியின் முகத்தில் பால் வழிந்த கோடு இருந்தால், அது மடியருகே நிற்கிறதேயன்றிக் குடிக்கவில்லை. பல சமயம் மூட்டு வீங்குவதற்கு முன்பே தெரியும் அறிகுறி இது. நொண்டும் குட்டியைத் தாய் மிதித்ததாக எண்ணிக் காத்திருக்காமல், சீழில்லை என்று மருத்துவர் மூட்டு நீரைப் பார்த்துச் சொல்லும்வரை மூட்டு நோயென்றே கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 18 முதல் 24 மணி நேரத்திற்குள் குட்டியின் இரத்தத்தில் ஐஜிஜி என்னும் நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது. 400-க்குக் கீழே இருந்தால் சீம்பால் சென்று சேரவில்லை என்று பொருள், அப்போது குட்டி எவ்வளவு துள்ளலாக இருந்தாலும் இரத்த நாளத்தின் வழியே, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஏற்ற வேண்டும். இடைப்பட்ட அளவாயிருந்து, கொட்டகையில் ஏற்கெனவே இந்நோய் கண்டிருக்கும் உங்கள் பண்ணை போன்ற இடத்தில், நான் பிளாஸ்மா ஏற்றவே சொல்வேன்.