மிளகுப் பொட்டலம்

வணக்கம் ஐயா,

பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு மோன்செகூர் போயிருந்தோம். பைரனீஸ் அடிவாரத்தில் சின்ன ஊர். ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறை, அதன் உச்சியில் கதார்களின் கோட்டை என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கதார்கள் என்றால், கத்தோலிக்கத் திருச்சபை மதவிரோதிகள் என்று சொல்லி ஒழித்த பழைய கிறிஸ்தவப் பிரிவினர். கார் நிறுத்துமிடத்திலிருந்து அரை மணி நேரம் செங்குத்தான ஏற்றம். பையன் பாதி வழியில் அழுதுவிட்டான். மேலே போன பிறகு ஒருவர் சொல்கிறார், இந்தச் சுவர்கள் கதார்கள் காலத்தவையே இல்லை, அவர்களை ஒழித்தவர்கள் பிற்பாடு கட்டியவை என்று. உள்ளேயும் ஒன்றுமில்லை. ஏமாந்துவிட்டதாகத் தோன்றியது. அசல் இல்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும்? அந்தப் பக்கம் இரண்டு நாளில் பார்க்க உருப்படியான இடங்களும், குழந்தைகள் நடக்கக்கூடிய பாதைகளும் சொல்வீர்களா? ஏசுவின் புனிதக் கிண்ணம் அங்கேதான் புதைந்திருக்கிறது என்பது உண்மையா?

ஒரு வாசகர், துலூஸ்

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. கிண்ணமும் இல்லை, வேறு மர்மமும் இல்லை. ஜூன் மாதம் சூரியன் கோட்டை ஜன்னலில் நுழைந்து வெளியேறுவதைப் பார்க்க விடியற்காலையில் கூட்டம் கூடுகிறது. கூடட்டும். அது யார் வைத்த ஜன்னல் என்பதைத்தான் உங்களிடம் ஒருவர் சொல்லிவிட்டாரே.

சுற்றுலா விசாரணைகளுக்குப் பதில் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் மொட்டைமாடியில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதைத் துழாவிக்கொண்டே மோன்செகூரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

ஏமாந்துவிட்டேன் என்கிறீர்கள். யார் ஏமாற்றினார்கள்? முற்றத்தில் நின்றீர்கள், நான்கு சுவரைப் பார்த்தீர்கள், படம் எடுத்தீர்கள், இறங்கிவிட்டீர்கள். வடக்கு வாசலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தீர்களா? மதிலுக்கு வெளியே, சரிவில், பாறையைப் படிப்படியாகச் செதுக்கிய தளங்களில் வீடுகளின் அடித்தளக் கற்கள் இருக்கின்றன. கதார்கள் குடியிருந்த ஊர் அதுதான். மழையும் பனியும் அடிக்கும் அந்தச் சரிவில் ஒட்டிக்கொண்டு சுமார் ஐந்நூறு பேர் இருந்தார்கள். நீங்கள் கேட்ட அசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் கிடந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பையன் அழுதான் என்று எழுதியதற்காகவும் உங்களைத் திட்ட வேண்டும். காரை மேலே கணவாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அரை மணி நேர ஏற்றத்துக்கு இத்தனை புலம்பலா? 1243 மே மாதம் கதார்களை ஒழிக்க வந்து முற்றுகை போட்ட பிரெஞ்சு அரசனின் படை அந்தச் சரிவில் ஏற முடியாமல்தான் கீழேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் மலையேறப் பழகிய ஆட்களைப் பிடித்து, ராத்திரியில் பாறையின் கிழக்கு முனை வழியாக ஏற்றித்தான் மேலே கால் வைத்தார்கள். பத்து மாதம் ஏன் ஆனது என்று புத்தகத்தில் படித்தால் புரியாது. உங்கள் பையனுக்குப் பாதி வழியிலேயே புரிந்துவிட்டது. அவனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சரி, மிளகு.

நான் அங்கே போனது பல வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பரில். கூட வந்த நண்பர் குளிருக்குப் பயந்து காரிலேயே இருந்துவிட்டார். தனியாக ஏறினேன். சுண்ணாம்புப் பாறை, கால்கள் பட்டுப் பட்டு அம்மிக்கல் போல வழவழவென்று இருக்கும், ஈரமானால் கேட்கவே வேண்டாம். இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். உச்சி 1207 மீட்டர். நல்ல நாளில் அங்கிருந்து சமவெளி முழுக்கத் தெரியுமாம். எனக்குப் பத்தடிக்கு அப்பால் மேகம். மதிலோரம் உட்கார்ந்து பையைத் திறந்தேன். அவித்த முட்டை இரண்டு, ரொட்டி, தொட்டுக்கொள்ள மிளகும் உப்பும் இடித்துக் கலந்த ஒரு காகிதப் பொட்டலம். பிரித்த நொடியில் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. முகமெல்லாம் மிளகு. தும்மிக்கொண்டே வெறும் முட்டையைத் தின்றுவிட்டு, இவ்வளவுதானா என்று இறங்கினேன். ஆமாம், உங்களைப் போலவேதான். (கதார் துறவிகள் முட்டையைத் தொடமாட்டார்கள். இறைச்சி, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது, மீன் மட்டும் உண்டு. அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.)

ஊர் திரும்பிய பிறகுதான் முற்றுகையின் கடைசி நாட்களைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். 1244 மார்ச் தொடக்கத்தில் மேலே இருந்தவர்கள் பணிந்தார்கள். சிப்பாய்களுக்கு மன்னிப்பு. நம்பிக்கையைக் கைவிடுகிறவர்கள் பிழைக்கலாம். கைவிடாதவர்களுக்கு நெருப்பு. இடையில் பதினைந்து நாள் அவகாசம்.

அந்தப் பதினைந்து நாளும் மேலே இருந்தவர்கள் சாமான்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாகப்போகிற துறவிகள், தங்களுக்காக இத்தனை மாதம் சண்டை போட்ட சிப்பாய்களைக் கூப்பிட்டுக் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். கொஞ்சம் காசு, எண்ணெய், உப்பு, மெழுகு, செருப்பு, பணப்பை. அப்புறம் மிளகு. மார்கேசியா என்ற கிழவி தன் உடைமைகளையெல்லாம் பேத்தி ஃபிலிப்பாவுக்குக் கொடுத்தாள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன கருமிளகு பெரும்பாலும் நம் மேற்கு மலைகளில் பறித்தது. மலபார்க் கரையில் கப்பலேறி, அரபு வணிகர்கள் கைமாறி, அலெக்சாந்திரியா தாண்டி, அந்தப் பாறை உச்சிக்கும் ஒரு பிடி போய்ச் சேர்ந்திருக்கிறது. பத்து மாத முற்றுகையில் அதை யாரோ செலவழிக்காமல் முடிந்து வைத்திருந்திருக்கிறார்கள். இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

மார்ச் 13 அன்று இருபது பேர் போலப் புதிதாகத் துறவு வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாளில் எரியப்போகிறோம் என்று தெரிந்தே வாங்கினார்கள். அதில் சிப்பாய்கள் இருந்தார்கள். கோட்டைத் தலைவன் ரேமோனின் மனைவி கோர்பா இருந்தாள், மகள் எஸ்க்ளார்மோந்த் இருந்தாள். கோர்பாவின் அம்மாதான் நான் சொன்ன மார்கேசியா. மார்ச் 16, இருநூறுக்கும் மேற்பட்டோர் மலையிலிருந்து இறக்கப்பட்டு எரிக்கப்பட்டார்கள். ரேமோன் பிழைத்தார். சில வாரங்கள் கழித்து, மதவிரோதிகளை விசாரிக்கத் திருச்சபை அமர்த்திய துறவியின் முன்னால் நின்று, யார் யார் எரிந்தார்கள் என்று பெயர் சொன்னார். மனைவி, மகள், மாமியார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

மிளகு நமக்குத் தெரிய வந்ததும் அந்த விசாரணைகளிலிருந்துதான். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டுமே. எதிரி கட்டிய சுவர் என்று உங்களுக்கு இளப்பம். மிளகு இருப்பதும் எதிரி எழுதிய ஏட்டில்தான். அந்த ஏடாவது அசலா? அதுவும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் எடுத்த நகல்கள்தான் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பகைவன் எழுதியதன் நகல். அதற்காக மார்கேசியா பேத்தியைக் கூப்பிடவில்லை என்று ஆகிவிடுமா? அசல், அசல் என்று இன்னொரு முறை எனக்கு எழுதாதீர்கள்.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். இரண்டு நாள்தானே? முதல் நாள் மறுபடியும் மோன்செகூர். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இந்த முறை காரை ஊருக்குள்ளேயே விட்டுவிட்டு அங்கிருந்து நடந்து ஏறுங்கள். கிளம்பும் முன் ஊரில் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மலையில் தோண்டி எடுத்த சின்னச் சின்னப் பொருள்கள், ஓர் ஆண், ஒரு பெண் எலும்புக்கூடு. ஏறும் வழியில் அடிவாரப் புல்வெளியில் 1960இல் நட்ட நினைவுக் கல் இருக்கிறது. மனைவியிடம் தேதியைப் படித்துக் காட்டுங்கள். நல்ல செருப்புப் போதாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

நீண்ட நடைக்கு, கடலோரத்திலிருந்து ஃபுவா வரை சுமார் 250 கிலோமீட்டர் ஓடும் கதார் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஃப்ரோ பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு துண்டு நடக்கலாம், ஆனால் உங்கள் பையன் இருக்கிற நிலையில் வேண்டாம்.

இரண்டாம் நாள் பெலெஸ்தாவுக்குப் பக்கத்தில் ஃபோந்தெஸ்தோர்ப் ஊற்றுக்கு அழைத்துப் போங்கள். கோடை முடிவில், தண்ணீர் குறைந்திருக்கும் பருவத்தில் போக வேண்டும். குகைக்குள்ளிருந்து ஆறு மாதிரி பாயும், பிறகு மெல்ல வற்றும், சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. வற்றியிருக்கும்போது கற்களில் கால் வைத்துக் குகைக்குள்ளே போகலாம். பையன் உள்ளே நிற்கட்டும். தண்ணீர் ஏறத் தொடங்கும் சத்தம் கேட்டதும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.