மழைமேல் பழி போடலாமா?

கேள்வி: ஆப்பிரிக்க நகரங்களில் மழை வந்தாலும் சாவு, வெயில் வந்தாலும் சாவு. அந்த ஊர்த் தட்பவெப்பம் அப்படி. இதற்குப் போய் அரசாங்கங்களைக் குறை சொல்லி என்ன பயன்?
- வாசகர், திருச்செங்கோடு

பதில்: மழைமேல் பழி போட்டால் மறுப்பறிக்கை வராது, வசதிதான். ஆனால் கணக்கு இடிக்கிறதே!

மடகாஸ்கரின் தலைநகர் அண்டனானரிவோவைப் பாருங்கள். சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் புழுக்கமும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். 1921-இல் பிளேக் நகருக்குள் நுழைந்தது. இறந்தவரை மருத்துவர் சோதித்துச் சீட்டுக் கொடுக்காமல் அடக்கம் கிடையாது என்று பிரெஞ்சு ஆட்சி கெடுபிடி செய்தது. பிளேக் என்று தெரிந்தால் குடும்பக் கல்லறையில் இடமில்லை. முன்னோரோடு சேர்ந்து உறங்குவதையே பெரும்பேறாக நினைக்கிற மக்கள் அவர்கள்; எப்படிக் கொதித்திருப்பார்கள்! ஆனால் எந்த மாதம் யார் இறந்தார் என்று அன்று தொடங்கிய வழக்கப்படி எழுதிய பதிவேடுகள் ஆய்வாளர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நகரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த மலைநாட்டில் மழைக்காலம் என்றால் மலேரியா. நெல்வயல் தண்ணீரில் கொசு பெருகும். 1949 முதல் வீடு வீடாக டி.டி.டி. பூச்சிமருந்து அடித்தார்கள், பிள்ளைகளுக்கு குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். 1960களில் மலேரியா ஏறக்குறைய ஒழிந்தே போனது. ஒழிந்துவிட்டதே, இனி எதற்குச் செலவு என்று, மாத்திரை கொடுத்த மையங்களை 1979 வாக்கில் மூடினார்கள். 1980களின் பிற்பாதியில் நோய் திரும்பி வந்தது. காய்ச்சலையே பார்க்காமல் வளர்ந்த ஒரு தலைமுறை, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாமல், கொத்துக் கொத்தாகச் செத்தது. ‘பெமங்கோவித்ரா’, பெருநடுக்கம், என்றார்கள். 1993-இல் மறுபடி மருந்தடித்தார்கள்; மறுபடி அடங்கியது. இத்தனைக்கும் மழை தன் பாட்டுக்கு வருடாவருடம் பெய்துகொண்டுதான் இருந்தது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகூவில் கதை தலைகீழ். அங்கே ஆபத்து வறண்ட மாதங்களில். சஹாராவிலிருந்து ஹர்மாட்டான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். பின்னாலேயே மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) வரும். முதல் மழை விழுந்தால்தான் ஓயும். 1996-97இல், இந்த நோய் அடிக்கடி தாக்கும் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் மட்டும் சுமார் 25,000 பேர் போனார்கள். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் இந்நோயின் ‘ஏ’ வகைக்கு எதிரான புதுத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். நம் புனேயில் தயாரானது, விலை அரை டாலருக்கும் குறைவு. அதற்குப் பின் ‘ஏ’ வகைக் கிருமி கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. வேறு வகைகள் இன்னும் இருக்கின்றன; 2015-இல் நைஜரில் ‘சி’ வகை ஆட்டம் போட்டது. ஆனாலும் பழைய அளவு சாவு இல்லை. காற்று என்னவோ அதே காற்றுதான்.

பிள்ளைகள் மழைக்காலத்தைத் தாண்டிப் பிழைக்கத் தொடங்கினால் இன்னொரு மாதம் கண்ணில் படும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், வயதானவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடும். அண்டனானரிவோவில் அது ஜூலை, ஆகஸ்ட். அதற்கு ஒரே ஊசியில் தீர்வு கிடையாது. வருடம் முழுக்க பி.பி. மாத்திரை கிடைக்க வேண்டும். 1979-இல் மாத்திரை மையங்களை மூடியது வானம் இல்லை ஐயா, அரசாங்கம்.